ஸ்பீக்கரை மாற்றணுமா, இடத்தை மாற்றினால் போதுமா?

அப்பாவுக்கு எழுபத்திமூன்று வயது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஹாலில் தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கச்சேரியை முழுதாகக் கேட்டு முடித்த பிறகுதான் சாப்பிட எழுந்திருப்பார். போன வருஷம் ஒரு நாள் பாதியிலேயே எழுந்து வந்து, "பாட்டு கேட்குதுடா, சாகித்யம்தான் கேட்கல" என்றார், பாட்டின் வார்த்தைகள் புரியவில்லை என்று அர்த்தம். ஸ்பீக்கர் வாங்கி பதினாலு வருஷம் ஆகிறது, மாற்றிவிடலாம் என்றுதான் எனக்கு உடனே தோன்றியது. அன்று ராத்திரியே ஆளுயர ஸ்பீக்கர்களின் விலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் புது ஜோடி வாங்கினேன்தான், ஆனால் அது ஐந்து மாதம் கழித்து, வேறு ஒரு காரணத்துக்காக. அப்பா சொன்ன குறை, பெரிதாகக் காசு செலவழிக்காமலேயே முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. இப்போது அதே இடத்தில் நிற்பவர்களுக்காக, எந்த வரிசையில் என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "சவுண்ட் சரியில்லை" என்றால் அது குறையே இல்லை. "பாடுபவரின் வார்த்தை புரியவில்லை", "வயலின் காதைக் குத்துகிறது", "மிருதங்கத்தில் எந்த அடி விழுந்தாலும் ஒரே தொம் தொம் என்று வருகிறது", "சத்தத்தைக் கூட்டினால் இரைகிறது", இப்படி எழுதுங்கள். எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே இடத்தைத்தான் திரும்பப் போட்டுக் கேட்கப் போகிறீர்கள். இப்படி எழுத எதுவும் வரவில்லை, ஆனாலும் புதுசு வாங்க ஆசையாக இருக்கிறது என்றால், அது ஆசை. வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் பழசில் குறை இருப்பதாக உங்களையே நம்பவைத்துக்கொண்டு வாங்காதீர்கள், அப்படி வாங்கினால் ஆறு மாதத்தில் அடுத்ததைத் தேடுவீர்கள்.

அடுத்தது காது. வீட்டில் பெரியவர்கள் வார்த்தை புரியவில்லை என்று சொன்னால் ஒரு நல்ல ஹெட்ஃபோனை அவர்கள் காதில் மாட்டி அதே பாட்டைப் போடுங்கள். வயதாக ஆக முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண்கள்தான். க, ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் குரல் கேட்கும், வார்த்தை கரையும். ஹெட்ஃபோனிலும் புரியவில்லை என்றால் எந்த ஸ்பீக்கரும் உதவாது, காது டாக்டரிடம் ஒருமுறை கூட்டிப்போவதுதான் சரி. அப்பா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி ஒரு நிமிஷம் கேட்டார். "இதுல தெளிவா இருக்கே" என்றார். அப்படியானால் பிரச்சினை காதில் இல்லை, பாட்டின் பதிவிலும் இல்லை. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

ஸ்பீக்கர் பழுதாகியிருக்கிறதா?

பழுதான ஸ்பீக்கரை "பழசாகிவிட்டது" என்று நினைத்துக்கொள்வது சுலபம். இது கொஞ்சம் கொஞ்சமாக வரும் பழுது, தினமும் கேட்கும் காதுக்குத் தெரியாது. முன்பக்கத் துணியைக் கழற்றுங்கள். தாழ்ந்த ஓசை தரும் பெரிய வட்டம்தான் வூஃபர். அதன் கோனைச் சுற்றி ஒரு மெத்தென்ற வளையம் இருக்கும். அது ரப்பரா, ஃபோமா என்று பாருங்கள். ரப்பர் என்றால் பல வருஷம் கவலையில்லை. ஃபோம் என்றால் பத்துப் பதினைந்து வருஷத்தில் உளுத்துப்போகும், ஈரக்காற்று அடிக்கும் ஊரில் அதற்கும் முன்பே. எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நடந்து வரும் தூரம். இடது பக்க ஸ்பீக்கரின் வளையத்தை விரல் நுனியால் தொட்டேன், காய்ந்த வறட்டி மாதிரி பொலபொலவென்று உதிர்ந்து விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. வலது பக்கத்தில் இரண்டு இடத்தில் விரிசல். பின்பக்கம் கம்பி மாட்டும் இடத்தில் உப்புக்காற்றில் பச்சையாகப் பூத்திருந்தது.

அப்புறம் இதையெல்லாம் பாருங்கள். நடுவில் இருக்கும் மூடியைச் சுற்றி இரண்டு கை விரல்களையும் சமமாக வைத்து கோனை மெதுவாக உள்ளே அழுத்துங்கள், உரசும் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) இடிக்கிறது என்று அர்த்தம். உயர்ந்த ஓசை தரும் சின்ன வட்டமான ட்வீட்டரில் கை வைக்கவே கூடாது. அதைச் சோதிக்க ஒரு செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு முனையை ட்வீட்டர் பக்கமும் மறு முனையைக் காதிலும் வைத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒன்றில் ஜால்ரா சத்தம் மங்கலாக இருந்தால் அந்த ட்வீட்டரோ, ஓசையை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சர்க்யூட்டில் இருக்கும் கெபாசிட்டரோ போயிருக்கிறது. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் இருபது வருஷத்தில் காய்ந்து மதிப்பு மாறிவிடும், மாற்றப் பெரிய செலவு ஆகாது.

ஒரு பக்கம் மட்டும் குறை என்றால் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) இடது வலது கம்பிகளை மாற்றிக் குத்துங்கள். குறை அதே பாக்ஸிலேயே நின்றால் பாக்ஸிலோ அதன் கம்பியிலோ பழுது. அடுத்த பாக்ஸுக்குத் தாவினால் ஆம்பிலோ அதற்கு முன்னாலோ பழுது, அப்போது ஸ்பீக்கரை மாற்றி என்ன பயன்?

நான் மிகவும் நம்பும் சோதனை ஒன்று இருக்கிறது, அதற்கு நம் வீட்டில் இருக்கும் பழைய கச்சேரிப் பதிவுகளே போதும். பழைய பதிவுகளில் நிறைய மோனோவில் இருக்கும், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான் போகும். இரண்டுக்கும் நடுவில் நேராக உட்கார்ந்து கேட்டால் குரல் சரியாக நடுவில், அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி நிற்க வேண்டும். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை, அல்லது ஒன்று சுவரை ஒட்டியும் இன்னொன்று திறந்த வெளியிலும் இருக்கிறது. குரல் எங்கேயும் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவி, பேஸும் (தாழ்ந்த ஓசையும்) காணாமல் போனால், ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. கம்பியை மாற்றிக் குத்தினால் ஒரு நொடியில் சரியாகிவிடும். இதை வருஷக்கணக்கில் கவனிக்காமலே ஸ்பீக்கரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வூஃபர் இரண்டையும் கழற்றி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். கோன் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், கையில் வாங்கியதும் கோனை ஒரு சுண்டு சுண்டிப் பார்த்துவிட்டு, "காயில் நல்லா இருக்கு தம்பி, இந்த மாக்னெட் எல்லாம் இப்ப வர்றதில்ல, தூக்கிப் போட்டுறாதீங்க" என்றார். வளையத்தை மட்டும் மாற்றினார். புது ஜோடியின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இதில் ஒரு எச்சரிக்கை: வளையம் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கோன், காயில் எல்லாவற்றையும் கைக்குக் கிடைத்ததைப் போட்டு மாற்றினால் சத்தம் வரும், ஆனால் அது நீங்கள் வாங்கிய ஸ்பீக்கராக இருக்காது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

அறைதான் பாதி ஸ்பீக்கர்

இந்த இடத்தில் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகள் ஸ்பீக்கருக்கு ரொம்பக் கஷ்டமான இடங்கள். கான்கிரீட் கூரை, பூசிய செங்கல் சுவர், தரையில் டைல்ஸ், கண்ணாடி ஷோகேஸ், ஸ்டீல் பீரோ. எதுவும் சத்தத்தை உறிஞ்சாது, எல்லாம் திருப்பி அடிக்கும். மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவரும் தரை முழுக்கக் கம்பளமும் இருக்கும் வெளிநாட்டு வீட்டில் கேட்டு ஒருவர் எழுதிய விமர்சனத்தை வைத்து நாம் வாங்கும் ஸ்பீக்கர், நம் ஹாலில் வேறு மாதிரிதான் பேசும். ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். தட்டிய பிறகு ஸ்ஸ்ர்ர் என்று ஒரு வால் நீண்டால், அந்த வால்தான் ஒவ்வொரு வார்த்தையின் மேலும் ஏறி அடுத்த வார்த்தையை மூடுகிறது. சாகித்யம் கேட்காததற்கு எங்கள் வீட்டில் அதுதான் பெரிய காரணம்.

மருந்து வீட்டிலேயே இருக்கிறது. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரையில் ஒரு கனமான பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் அது நல்லது, புத்தகங்களை ஒரே மட்டமாக அடுக்காமல் முன்னும் பின்னுமாக விட்டால் இன்னும் நல்லது. ஜன்னலுக்குக் கனத்த திரை. பஞ்சு மெத்தை போட்ட திவான் ஒன்று அறையில் இருந்தாலே வித்தியாசம் தெரியும். கோரைப்பாய் அவ்வளவாக உதவாது, மெல்லிசு. சுவரில் ஒட்டும் முட்டை அட்டை மாதிரியான மெல்லிய ஃபோம் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், அது ஜால்ரா சத்தத்தை மட்டும் தின்றுவிட்டுக் குரலின் குழப்பத்தை அப்படியே விட்டுவிடும்.

இரண்டாவது, வைக்கும் இடம். எங்கள் பெட்டிகள் இரண்டும் ஷோகேஸ் மேல், தலைக்கு மேலே, ஒன்று மூலையில் முட்டிக்கொண்டு இருந்தன. குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது என்று எப்போதோ வைத்தது. பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சுவரும் தாழ்ந்த ஓசையை 6 டெசிபல் வரை தூக்கிவிடும், மூலையில் வைத்தால் பின்சுவர், பக்கச்சுவர், கூரை அல்லது தரை என்று மூன்றும் சேர்ந்து தூக்கும். ஆண் குரல் குடத்துக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலி என்றால் தரையிலிருந்து சுமார் 90 முதல் 100 சென்டிமீட்டர், திவானில் சாய்ந்து கேட்பவர் என்றால் இன்னும் கொஞ்சம் கீழே. இரண்டு பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அதே தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். பின்சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். நான் பக்கத்துத் தச்சரிடம் சொல்லி இரண்டு தேக்குக் கட்டை ஸ்டாண்டு செய்துகொண்டேன்.

மூன்றாவது, நீங்கள் உட்காரும் இடம். அப்பாவின் நாற்காலி பின்சுவரில் சாய்ந்திருந்தது. சுவரோரத்தில் பேஸ் குவியும். இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது: 565-ஐ அறையின் நீளத்தால் (அடியில்) வகுத்தால் எந்த அதிர்வெண் அந்த அறையில் முதலில் வீங்கும் என்று தெரியும். 12 அடி என்றால் 47 ஹெர்ட்ஸ் பக்கம், 10 அடி என்றால் 56 பக்கம். அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் வீங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். 10க்கு 10 அறையில் கூரையும் 10 அடி உயரம் என்றால் மூன்றும் ஒரே அதிர்வெண்ணில் வந்து குவியும், ஸ்பீக்கர் கேட்பதற்கு அதைவிட மோசமான அறை கிடையாது. அந்த அறையில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் நிலைமை இன்னும் கெடும், இது நிறையப் பேருக்குத் தெரியாமல் பெரிசாக வாங்கிவிட்டு வருத்தப்படுகிறார்கள். நாற்காலியைச் சுவரிலிருந்து மூன்று அடி முன்னால் இழுத்துப் போட்டோம். அறையின் சரிநடுவிலும் உட்கார வேண்டாம், அங்கே பேஸ் வற்றிப்போகும்.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போல உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏழரை மணிக்கு உள்ளே வந்து, "இன்னைக்கு வார்த்தை வார்த்தையா வந்துது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இதையெல்லாம் செய்தபின் ஒரு மாதம் சும்மா இருங்கள். முதலில் எழுதிய குறை இன்னும் இருக்கிறதா என்று அதே பாட்டைப் போட்டுப் பாருங்கள். கேட்கும்போது ஃபேனை நிறுத்திப் பாருங்கள், இது முக்கியம். ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது, ஒரு சங்கதி முடியும் இடத்தில் குரல் மெலிந்து அடங்குவது, தம்புராவின் ரீங்காரம் எல்லாம் அந்தக் காற்றுச் சத்தத்தில் மூழ்கிவிடும். நீங்கள் எப்போதும் ஃபேன் போட்டுத்தான் கேட்பீர்கள் என்றால், அந்த நுணுக்கத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. ஏசி அறையில், அல்லது மார்கழியில் ஃபேன் இல்லாமல் கேட்பவர் என்றால் அது வேறு கதை.

நீங்கள் கேட்கும் பாட்டுக்கு எவ்வளவு பேஸ் வேண்டும்?

கடையில் "இது 35 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும் சார்" என்பார்கள். நமக்கு அது வேண்டுமா என்று முதலில் பார்க்கலாம். ஒரு கட்டை சுருதியில் (மேற்கத்திய C) பாடும் ஆண் குரலின் மத்திய ஷட்ஜம் (நடு ஸ்தாயி ஸ) 131 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். மந்தர பஞ்சமத்துக்கு (கீழ் ஸ்தாயி ப) இறங்கினால் 98. அவருக்குச் சேர்க்கும் தம்புராவின் மந்தர ஷட்ஜக் கம்பி 65. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலின் ஷட்ஜம் 196. ஆக, வாய்ப்பாட்டுக் கச்சேரிதான் உங்கள் உலகம் என்றால் 55, 60 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக, வீங்காமல் போகும் ஒரு நல்ல சிறிய ஸ்பீக்கர் போதும். அதற்குக் கீழே போகக் கொடுக்கும் காசு உங்களுக்குத் திரும்பி வராது. சினிமாப் பாட்டு, சின்தசைசர் பேஸ், படம் பார்ப்பது என்றால் 40-க்குக் கீழேயும் விஷயம் இருக்கிறது. அப்போதும்கூட இருக்கும் ஸ்பீக்கரின் குரலும் வயலினும் உங்களுக்குப் பிடித்திருந்தால், அதைத் தூக்கிவிட்டு ஆளுயர ஸ்பீக்கர் வாங்குவதைவிட பேஸுக்கென்றே இருக்கும் ஒரு நல்ல சப்வூஃபரைச் சேர்த்து, ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்குப் பிரித்துக் கொடுப்பது புத்திசாலித்தனம், சப்வூஃபரை அறையில் எங்கே பேஸ் சமமாக வருகிறதோ அங்கே தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்பதால்.

சின்னப் பெட்டியில் இருந்து பெரிய பேஸ் வருகிறது என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். அதே சத்த அளவில் ஒரு ஸ்தாயி கீழே (அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு) இறங்க, கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். ஐந்து அங்குல வூஃபருக்கு அது சீக்கிரம் முடியாமல் போய்விடும். ஆறரை அங்குலம் என்றால் பரப்பளவு கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மடங்கு, அதனால் அதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்தும் எங்கள் வீட்டில் தீராமல் நின்ற குறை மிருதங்கத்தில். மிருதங்கத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாதாரணத் தோல் கொட்டு ஒன்றை அடித்தால் அதன் மேல் ஓசைகள் ஒன்றோடொன்று சேராமல் சிதறும், அதனால் சுருதி என்று ஒன்று தெளிவாக வராது. நம் மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், நடுவில் இருக்கும் அந்தக் கறுப்பு வட்டம் அந்த ஓசைகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, கம்பி வாத்தியம் மாதிரி முழு மடங்குகளில் நிற்க வைக்கிறது. சி. வி. ராமன் 1920-லேயே இதை எழுதியிருக்கிறார். அதனால்தான் வலந்தலையைச் சுருதிக்குச் சேர்க்க முடிகிறது. ஸ்பீக்கர் நல்லது என்றால் அந்தச் சுருதி கேட்க வேண்டும், வெறும் டக் டக் போதாது. தொப்பி என்கிற இடது பக்கத்தில் ரவைப் பசை ஒட்டி, மணிக்கட்டை அழுத்தி வாசிக்கும்போது கும்கி என்கிற அந்தத் தாழ்ந்த ஓசை கீழிருந்து மேலே வழுக்கி ஏறும். எங்கள் பழைய பெட்டியில் அது ஏறவில்லை. தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முழுக்கத் தொப்பி ஒரே சுருதியில், ஒரே வீக்கத்தில் தொம் தொம் என்று நின்றது. இடத்தை மாற்றினேன், பெட்டியின் பின்னால் இருக்கும் துளையில் துணியைச் சுருட்டி அடைத்தேன் (இதை நீங்களும் செய்து பாருங்கள், வீக்கம் பாதி குறையும்), அப்போதும் தீரவில்லை. வளையம் மாற்றிய பிறகும் அப்படியேதான் இருந்தது. ஹெட்ஃபோனில் கும்கி ஏறியது. அப்படியானால் இது அந்தப் பெட்டியின் குணம். இங்கேதான் புதுசு வாங்குவதற்கு நியாயம் கிடைத்தது.

கடையில் கேட்பது, வீட்டில் கேட்பது

முதலில் ஒரு கடைக்குப் போனேன். ஏசி, தரை முழுக்கக் கம்பளம், கதவை மூடினால் வெளிச்சத்தம் இல்லை. அவர்களே ஒரு பாட்டைப் போட்டார்கள். விலை கூடிய ஜோடியைப் போடும்போது வால்யூமையும் கொஞ்சம் கூட்டினார்கள். அசந்துபோனேன். கிட்டத்தட்ட முன்பணம் கொடுக்கும் வரை போய்விட்டேன். ஒரு டெசிபல் கூடினாலே, "சத்தமாக இருக்கிறது" என்று தோன்றாமல் "நன்றாக இருக்கிறது" என்றுதான் நமக்குத் தோன்றும். அதனால் இரண்டை ஒப்பிடும்போது ஃபோனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை வைத்து, பிங்க் நாய்ஸ் என்கிற இரைச்சலைப் போட்டு, உட்காரும் இடத்தில் இரண்டும் ஒரே டெசிபலைக் காட்டும்படி வால்யூமைச் சரிசெய்த பிறகுதான் பாட்டையே போட வேண்டும். ஃபோன் காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டையும் அதே ஃபோன்தானே அளக்கிறது.

கண்ணும் ஏமாற்றும். ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-ல் ஒரே ஸ்பீக்கர்களைத் திரை மறைத்தும் திரை இல்லாமலும் கேட்கவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். எது எந்த ஸ்பீக்கர் என்று தெரிந்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. நீண்ட பழக்கம் உள்ளவர்களுக்கும் இது நடந்தது. வீட்டில் இதைச் செய்வது சுலபம். நண்பர் ஒருவர் தன் ஜோடியை ஒரு சனி, ஞாயிறுக்குக் கொடுத்தார். பழசையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னால் மெல்லிய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினோம். என் தங்கை கம்பியை மாற்றி மாற்றிக் குத்தினாள், எது எது என்று அவள் சொல்லவில்லை. பத்துத் தடவை கேட்டு நானும் அப்பாவும் தனித்தனிக் காகிதத்தில் எழுதினோம். வாய்ப்பாட்டில் எங்கள் இரண்டு பேர் பதிலும் குழம்பியிருந்தது, எது எது என்று பிரிக்கவே முடியவில்லை. தனி ஆவர்த்தனத்தில் பத்துக்குப் பத்து. எதற்காகக் காசு கொடுக்கிறேன், எதற்காகக் கொடுக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. குரலுக்காக இன்னும் விலையுள்ளதைப் பார்க்கலாம் என்று இருந்த எண்ணத்தை அத்தோடு விட்டுவிட்டேன்.

உங்களுக்குக் கடன் கொடுக்க நண்பர் இல்லை என்றால், வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொள்ளும் கடையில்தான் வாங்குங்கள், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். கடைக்குப் போவதாக இருந்தால் நீங்கள் எழுதி வைத்த அந்தக் குறை வரும் பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் போடும் பாட்டு வேண்டாம்.

வாட்ஸ் பற்றி இரண்டு வார்த்தை. 50 வாட்டிலிருந்து 100 வாட் ஆம்புக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஒரே சக்தியில் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதைச் சொல்லும் சென்சிட்டிவிட்டி என்ற எண்ணைப் பாருங்கள். 85-க்குப் பதில் 88 இருந்தால், ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். சாதாரண ஹாலில் சாதாரணமாகக் கேட்கும்போது பெரும்பாலும் ஒரு வாட்கூட ஓடுவதில்லை. 4 ஓம் ஸ்பீக்கர் வாங்குவதாக இருந்தால் உங்கள் ஆம்பின் பின்னால் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் சூடேறி அணைந்துவிடும். கம்பிக்குச் செலவு வேண்டாம்: வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்வர மின்தடை 0.1 ஓம்கூட வராது. அது போதும்.

ஆளுயர ஸ்பீக்கர்தான் வேண்டும் என்று முடிவு செய்தால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். நம் வீட்டில் தினமும் தரை துடைக்கிறோம். அமுக்கிய மரத்தூள் பலகையில் செய்த பெட்டியின் அடிப்பகுதியில் ஈரம் ஏறினால் உப்பிப் பெயர்ந்துவிடும். அடியில் கால் வைத்து உயர்த்துங்கள், துடைப்பவரிடமும் சொல்லி வையுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் சிறிய ஸ்பீக்கருக்கு இந்தப் பயம் இல்லை, நான் அதையே வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆறரை அங்குல வூஃபர், ரப்பர் வளையம், முன்பக்கம் துளை உள்ளதாகப் பார்த்து எடுத்தேன், ஏனென்றால் எங்கள் ஹாலில் பின்சுவரிலிருந்து இரண்டு அடிக்கு மேல் தள்ள முடியாது.

வாங்கியதும் பழசை உடனே விற்றுவிடாதீர்கள். இரண்டு மாதம் வைத்திருங்கள், நடுவில் ஒரு வாரம் பழசை மறுபடி மாட்டிக் கேளுங்கள். திரும்பப் புதுசை மாட்டும்போது எழுதி வைத்த அந்தக் குறை தீர்ந்திருப்பது காதுக்கு உடனே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போய்விடுங்கள். எங்கள் பழைய ஜோடி விற்பனைக்குப் போகவில்லை. புது வளையத்தோடு அப்பாவின் அறையில் ஒரு பழைய ஆம்பில் மாட்டியிருக்கிறது, காலையில் ஐந்தரைக்கு அவர் அதில் மெதுவாக ஏதாவது போட்டுக்கொண்டு காபி குடிக்கிறார். ராத்திரி தனி ஆவர்த்தனம் வந்தால் மட்டும் ஹாலுக்கு வந்து நாற்காலியை அந்த மூன்றடிக் குறியில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.